ஒன்பதாவது களா

விழுங்கினேனா, துப்பினேனா. கேள்வி இவ்வளவுதான், இதுக்குப் பதில் சொல்லத் தெரியாம உக்காந்திருக்கேன். அஸர் தொழுதுட்டு வந்து, கஞ்சிக்கு வாங்கின நொய்யைச் சுளகுல கொட்டிக்கிட்டு சன்னலோரம் கல்லு பொறுக்குறேன். கண்ணு கல்லைத் தேடுது, நாக்கு பல்லிடுக்கைத் தேடுது. இனிப்பு இருக்கா இல்லையா? இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இன்னைக்கு எனக்கு நோன்பு. ஊருக்கே நோன்பு இல்ல, எனக்கு மட்டும்தான். போன ரமலான்ல ஒன்பது நாள் எனக்குத் தொழுகையில்லாம போச்சு, அந்த நாள்ல பொம்பளைக்கு நோன்பும் கெடையாது. விட்ட தொழுகையைத் திருப்பிக் கேக்கல அல்லாஹ், நோன்பை மட்டும் அடுத்த ரமலான் வர்றதுக்குள்ள களாவா பிடிச்சுத் தான்னு சொல்லிட்டான். பதினோரு மாசம் தவணை. மவராசி நான், பத்து மாசம் இன்னைக்கு நாளைக்குன்னு ஓட்டிட்டு, கடைசி மாசத்துல வந்து விழுந்து அடிச்சு எட்டைப் பிடிச்சுட்டேன். இது ஒன்பதாவது. இன்னைக்கு ஷஃபான் இருபத்தொன்பது. சாயந்தரம் பிறை தெரிஞ்சுட்டா நாளைக்கு ரமலான், அப்புறம் இடம் கெடையாது. இது கூடாம, செல்லாமப் போச்சுன்னா பெருநாள் கழிஞ்சு நோன்பையும் பிடிக்கணும், தாமசம் பண்ணினதுக்கு ஒரு ஏழைக்குச் சோறும் போடணும். சோறு போடுறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, பத்து பேருக்கு வேணாலும் போடுவேன். இது வேற. இந்த ஒண்ணு கூடணும்னு எனக்கு இருக்கு. ஏன்னு யார்கிட்டயும் சொல்லல. சொல்ற விஷயமும் இல்ல.

கீழக்கரையிலேர்ந்து மதினி தொதல் அனுப்பி விட்டிருந்தா. அரிசிமாவும் தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு, கை கழண்டு விழுற வரைக்கும் கிண்டி, அல்வா மாதிரி எறக்குறது. எங்க மதினி கைக்கு அதுல ஒரு தனி ருசி, ஆளு சரியில்லாட்டியும். அந்த டப்பாவைப் பிரிச்சு, பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், கீழ்மாடி டீச்சரம்மாவுக்குக் கொஞ்சம்னு துண்டு போட்டுட்டு இருந்தேன். கத்தியில ஒட்டினதை வழிச்சேன். வழிச்ச விரலு எங்க போகும், வாய்க்குத்தான் போச்சு. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. ஒரு துண்டை எடுத்துக்கிட்டு, நான் என்ன பண்ணினேன் தெரியுமா, நேரா போய் ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல நின்னு, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் தின்னேன். ரசிச்சுத் தின்னேன். முந்திரி எல்லாம் கடிச்சேன். ரெண்டாவது வாயும் வச்சேன். அப்புறம்தான் தலையில எவனோ தட்டின மாதிரி, அடியே ஸபூரா, நோன்புல்ல. அங்கதான் முடிச்சு விழுது. மறந்து தின்னா நோன்பு முறியாது, அல்லாஹ் உனக்கு ஊட்டினான், குடிக்கக் கொடுத்தான், நோன்பைப் பூர்த்தி பண்ணுன்னுதான் சட்டம். கொஞ்சமா தின்னாலும் சரி, வயிறு நெறைய தின்னாலும் சரின்னு செவ்வாக்கெழமை பெண்கள் மதரஸாவுல ஆலிமா அடிச்சுச் சொன்னாங்க. ஆனா ஞாபகம் வந்த அந்த நொடியில வாயில இருக்கிறதைத் துப்பிடணும். தெரிஞ்சு ஒரு எள்ளு உள்ள போனாலும் போச்சு. தொதல்னா சும்மாவா, அண்ணத்துல ஒட்டிக்கும், பல்லுல ஒட்டிக்கும், துப்புன்னாலும் துப்ப வராது, தானா வழுக்கி உள்ள போகும். நான் சிங்க்குக்கு ஓடினேன், அது தெரியும். குழாயைத் திறந்தேன், அதுவும் தெரியும். வாயைக் கொப்பளிச்சேன். நடுவுல என்ன ஆச்சு? தொண்டை ஒரு தடவை ஏறி எறங்கின மாதிரி ஒரு ஞாபகம். அது ஞாபகம் வர்றதுக்கு முந்தி எறங்கினதா, பிந்தி எறங்கினதா? அதுக்குள்ள பள்ளியில பாங்கு சொல்லிட்டாங்க, கை கால் கழுவி ஒளு செய்ய ஓடிட்டேன். தொழுகையிலயும் இதே நெனப்புதான், மூணாவது ரக்அத்தா நாலாவதான்னு வேற சந்தேகம் வந்து, ஒண்ணைக் கூட்டித் தொழுது, மறதிக்கு நெத்தியைத் தரையில வச்சு ரெண்டு ஸஜ்தாவும் செஞ்சு எந்திரிச்சேன். ஒரு துண்டு தொதல் என்னா பாடு படுத்துது பாருங்க.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஏன் போய் நின்னேன், அதை நெனச்சாத்தான் சிரிப்பா வருது. ஒளிஞ்சு தின்னா நோன்புல்ல ஞாபகம் வந்திருக்கணும்? எனக்கு அது தலைகீழ். முப்பத்தேழு வருஷமா ரமலான்ல பகல்ல நான் தின்ன ஒவ்வொரு வாயும் ஒளிஞ்சு தின்னதுதான். நோன்பு இல்லாத நாள்ல, நோன்பு இல்லன்னு ஆம்பளைகளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னன்னு தெரியல, தெரியக்கூடாது, அவ்வளவுதான். வாப்பாவுக்குத் தெரியக்கூடாது, தம்பிமாருக்குத் தெரியக்கூடாது, கல்யாணமானா புருஷனுக்கும் மாமனாருக்கும், பெத்து வளத்தா மகனுக்கும் தெரியக்கூடாது. விடியறதுக்கு முந்தி சஹருக்கு எல்லாரோடயும் எந்திரிச்சு உக்காந்து பெசஞ்சு தின்னணும், பகல் பூரா வாயை ஒட்டிக்கிட்டுத் திரியணும், சாயந்தரம் எல்லாரோடயும் சேந்து பேரீச்சம்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு பாங்குக்குக் காதைத் தீட்டணும். நடிப்புன்னா அது நடிப்பு. கல்யாணமாகி மொத ரமலான், மண்ணடியில இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி பவளக்காரத் தெருவுல கூட்டுக் குடித்தனம், கூடத்துல எந்நேரமும் நாலு ஆம்பள படுத்துக் கெடப்பாங்க. பசி கண்ணைக் கட்டுது. ஒரு வாழப்பழத்தை முந்தானைக்குள்ள வச்சு சாமான் ரூமுக்குப் போனேன். இருட்டுல யாரோ மெல்லுற சத்தம். உசுரே போயிருச்சு. பாத்தா எங்க மாமி, வீட்டுக்காரரோட உம்மா. அரிசி மூட்டைக்குப் பின்னால குத்தவச்சு ரஸ்க்கு தின்னுட்டு இருக்காங்க. அவங்க என்னைப் பாத்தாங்க, நான் அவங்களைப் பாத்தேன். உனக்குமா, அப்படின்னாங்க. ம்னு தலையாட்டினேன். நகந்து இடம் விட்டு ரெண்டு ரஸ்க்கைக் கையில வச்சு, மெல்ல கடிடி, இது சத்தம் போடுற சாமான்னு சொன்னாங்க. அந்த மனுஷிகிட்ட அதுவரைக்கும் நான் வாயைத் திறந்து பேசினது கெடையாது, அவ்வளவு பயம். ரெண்டு பேரும் அடக்கமாட்டாம சிரிச்சு, அவங்களுக்குப் புரையேறி, அதுக்கு நான் முதுகைத் தட்டி. வெளியில எங்க மாமா, அங்க என்ன சத்தம்னு கேக்க, எலி எலின்னு மாமி சொல்ல. வாழப்பழத் தோலை எங்க போடுறதுன்னு தெரியாம தலையணை உறைக்குள்ள வச்சேன், மூணு நாள் கழிச்சு எறும்பு காட்டிக் கொடுத்துச்சு. அவங்க போய்ச் சேந்து வருஷம் பன்னெண்டு ஆச்சு. அல்லாஹ் அவங்க கபுரை வெளிச்சமாக்கி வைக்கட்டும். இப்ப வீட்டுல நானும் இவரும் மட்டும்தான். மகன் தோஹாவுல. யாரு பாக்கப் போறா, என்னா சட்டம், ஆனாலும் திங்கிறதுன்னா காலு தானா சந்துக்குப் போகுது. ஒளிஞ்சு நிக்கும்போதெல்லாம் உடம்புக்கு ஒரே கணக்குதான், இன்னைக்கு நமக்கு நோன்பு இல்ல, தின்னு. அதனாலதான் இன்னைக்கும் மறந்தேன், சத்தியமா மறந்துதான் தின்னேன். கை கழுவிட்டு டேபிள்ல உக்காந்து தின்னிருந்தா ஒருவேளை ஞாபகம் வந்திருக்கும்.

ஒரு கல்லு. இது நொய்யா கல்லான்னு பல்லுல வச்சுப் பாக்கப் போனேன், நல்லவேளை பாதியில கை நின்னுச்சு. புத்தி இருக்கு கொஞ்சம். தெருவுல அத்தோ நூடுல்ஸ் கடைக்காரன் வெங்காயம் வதக்க ஆரம்பிச்சுட்டான், மூணு மாடி ஏறி வந்து மூக்குல உக்காருது. இரும்புக் கடையில லாரியிலேர்ந்து கம்பி எறக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் வீடு அதிருது. வெயில் எதுத்த வீட்டுத் தண்ணித்தொட்டி வரைக்கும் ஏறிடுச்சு, நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். பசிக்கலை. அதுதான் குத்துது. தொண்டை காஞ்சு போயிருக்கு, ஆனா வயித்துல ஒரு தெம்பு. தொதல் தெம்பு. அல்லாஹ் ஊட்டினதுன்னா ராஜ விருந்து, நானா தின்னதுன்னா திருட்டு. ஒரே துண்டு, அது எதுன்னு என் தொண்டைக்கு மட்டும்தான் தெரியும், அது வாயைத் திறக்க மாட்டேங்குது. சஹருக்கு எந்திரிச்சப்ப எவ்வளவு நல்லா இருந்துச்சு. நாலரை மணி, இவரு தூங்குறாருன்னு விளக்குகூடப் போடாம, பாலும் பன்னும் தின்னுட்டு, போன ரமலான்ல விட்ட ஃபர்ளான நோன்பை களாவாக நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன் அல்லாஹ்வுக்காகன்னு சொல்லி முடிச்சு, இதுதான் கடைசி, இனி இந்த நிய்யத்தை நான் சொல்லப் போறதில்லன்னு ஒரு நிமிஷம் அப்படியே நின்னேன். அழுகை இல்ல. என்னமோ ஒண்ணு.

ஏன்னா அதோட நின்னு போச்சு. போன ரமலான்ல ஒன்பது நாள் வந்ததுதான், அதுக்கப்புறம் வரலை. அடுத்த மாசம் ஷவ்வால்ல வரலை, அதுக்கடுத்த துல்கஃதாலயும் வரலை. மொதல்ல பயந்தேன். ஒன்பது நாள் அப்படிக் கொட்டினதுல உள்ள ஏதோ கட்டியோ கிட்டியோன்னு. யார்கிட்ட சொல்றது, இவருகிட்டயா. மூட்டு வலின்னு சொல்லிட்டு தனியா ஆட்டோ பிடிச்சு டாக்டரம்மாகிட்ட போனேன். ஸ்கேன் எடுக்கப் படுக்க வச்சப்ப, யா அல்லாஹ், அந்த ஒன்பதையும் பிடிக்கிற வரைக்குமாச்சும் விடுன்னு கேட்டேன். மகனைப் பாக்கணும்னு கேக்கல, பேரப்புள்ளையைப் பாக்கணும்னு கேக்கல, இதைக் கேட்டேன், எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அந்தம்மா படத்தைப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லம்மா, அம்பத்தொண்ணு ஆச்சுல்ல, நின்னு போச்சு, சந்தோஷமா இருங்கன்னு சொன்னாங்க. சந்தோஷமாத்தான் எறங்கினேன், ரெண்டு படி எறங்குறதுக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு. பதினாலு வயசுல வந்தது. மகனைக் கொடுத்தது. அதுக்கப்புறம் ஒரு ரமலான்ல மூணு மாசத்துல கலைஞ்சு, ஒரு நோன்புகூட இல்லாம, பிறையிலேர்ந்து பெருநாள் வரைக்கும் கட்டில்ல கெடந்தேனே, அந்தப் புள்ளையும் அதுலதான் போச்சு. அந்த முப்பதையும் அடுத்த வருஷத்துக்குள்ள பிடிச்சு முடிச்சேன். ஒவ்வொரு நோன்பு திறக்கும்போதும் அந்தப் புள்ளைக்குன்னு ஒரு துஆ கேப்பேன், முப்பது சாயந்தரம் அது கூட இருந்த மாதிரி. களான்னா எல்லாரும் தண்டனைன்னு நெனப்பாங்க. எனக்கு அப்படி இல்ல. ரமலான் ஊரோட நோன்பு, களா என்னோட நோன்பு. கஞ்சி கெடையாது, கூட்டம் கெடையாது, எவனும் கேக்க மாட்டான். எனக்கும் அவனுக்கும் மட்டும். வருஷம் பூரா இப்படி ஏழெட்டு நாள் யாருக்கும் தெரியாம அவனோட உக்காந்திருப்பேன், அது இனிமே இல்ல. நாளைலேர்ந்து முப்பதும் ஒரே மூச்சா பிடிக்கலாம், ஆம்பள மாதிரி. நல்லதுதான். அல்ஹம்து லில்லாஹ், நல்லதுதான். சாமான் ரூமும் இல்ல, சந்தும் இல்ல. அதனாலதான் சொல்றேன், கடைசியா பிடிச்சது ஓட்டையா இருக்கக்கூடாது. பேரீச்சம்பழத்தை வாயில வைக்கும்போது, முடிச்சுட்டேன்னு அவன்கிட்ட நான் சொல்லணும், அதுல ஒரு ஆனா இருக்கக்கூடாது. சரி, சந்தேகம்னா என்ன பண்ணணும், தொழுகைன்னா ஒண்ணைக் கூட்டிக்கலாம். நோன்புக்கு அப்படிக் கூட்ட முடியுமா? ஆலிமாவுக்கு போன் போட்டுக் கேக்கலாம். அவங்க, முறிஞ்சதுன்னு உறுதியாத் தெரியாத வரைக்கும் கூடும்மா, மனசைக் குழப்பிக்காதீங்கன்னு சொல்லுவாங்க, அது எனக்கே தெரியும். சட்டம் கூடும்னு சொல்லும். நான் கேக்குறது சட்டத்தை இல்ல. விழுங்கினேனா, துப்பினேனா.

கூடத்துல செருப்புச் சத்தம். இவரு. என் வீட்டுக்காரர் ஷேகனா, துறைமுகத்துல கப்பல் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுற டாலி கிளார்க்கா இருந்து ஓய்வாகி மூணு வருஷம் ஆகுது, இன்னும் கப்பல் வந்த மாதிரிதான் பேப்பரைப் படிப்பாரு, வரி வரியா விரலை வச்சு. நல்ல மனுஷன், பேச்சு கொறைச்சல். மாடிக்குப் பிறை பாக்கக் கெளம்புறாரு போல. நான் தலையைத் தூக்கல, தூக்கினா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். சமையக்கட்டு வாசல்ல நின்னாரு. "மேகமா இருக்கு, தெரியுமான்னு பாக்கணும்"னாரு. ம்னேன். போகல. நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "புள்ள, அந்தத் தொதலை இனிமே சிங்க்ல துப்பாத. சல்லடையை அடைச்சுக்குது, தண்ணியே எறங்கல"ன்னாரு.

எனக்குக் கை நின்னு போச்சு. சுளகு மடியில சாயுது, நொய்யி தரையில கொட்டுது, நான் இவரு மூஞ்சியைப் பாக்குறேன். "என்ன சொன்னீங்க"ன்னேன். "ஒரு நெல்லிக்கா அளவு உருண்டை, அப்படியே சல்லடை மேல உக்காந்திருக்கு. முழு முந்திரியோட. குச்சியை வச்சுக் குத்தித்தான் எடுத்தேன்"னாரு. முழு முந்திரியோடவா? "ஆமா, அரைச்சதா என்ன, முழுசாத்தான் இருந்துச்சு. ஏன்"னாரு. மெல்லாத வாயி. ரெண்டாவது வாயி. அப்ப வச்சதை வச்சபடி அவ்வளவையும் துப்பியிருக்கேன். தொண்டை ஏறி எறங்கினது மொத வாய்க்கு, நெனப்பு வர்றதுக்கு முந்தி, அது அவன் ஊட்டினது. யா அல்லாஹ், ஒரு சல்லடையை வச்சு எனக்குச் சாட்சி சொல்ல வச்சியே. சிரிச்சேனா அழுதேனான்னு தெரியல, ரெண்டும் சேந்து வந்து மூக்கு ஒழுகிப் போச்சு. இவரு பதறல. கீழ குனிஞ்சு கொட்டின நொய்யை உள்ளங்கையால கூட்டிக்கிட்டே, "நோன்பு கூடும்ல, மறந்துதானே தின்ன"ன்னாரு. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. "எனக்கு நோன்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" "நாலரை மணிக்குப் பால் சட்டியை உருட்டினியே." "தூங்கலையா நீங்க?" "எந்திரிச்சா நீ பாதியில விட்டுட்டுப் படுத்துக்குவ, அதான் கண்ணை மூடிக் கெடந்தேன்." "நான் தின்னதையும் பாத்தீங்களா?" நொய்யைச் சுளகுல போட்டாரு. "தண்ணி குடிக்க வந்தேன். நீ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால நின்ன. சரி, நாள் வந்துடுச்சு போல, தின்னட்டும்னு திரும்பிட்டேன். எப்பவும் போறாப்லதான்." எப்பவுமா? "ரமலான்ல பகல்ல சமையக்கட்டுக்கு வர்றதா இருந்தா ரெண்டு தடவை இருமிட்டுத்தான் வருவேன், கவனிச்சதில்லையா நீ"ன்னாரு.

கவனிச்சிருக்கேனே. அந்த வறட்டு இருமலைக் கவனிச்சு, நோன்புல தொண்டை காயுது பாவம்னு, இருபத்தொன்பது ரமலானா நோன்பு திறந்ததும் மொளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வச்சு, குடிங்க குடிங்கன்னு மல்லுக்கட்டி ஊத்தியிருக்கேன். ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்ல. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வைப்பாரு. நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்ன வருஷம் பூரா, அதை ஒளிச்சு வச்சது நான் இல்ல, இவருதான். எனக்கு வெக்கம் வரணும், வரல. மனசு அப்படியே நெறைஞ்சு போய், வயித்துக்குள்ள எறங்கின மாதிரி இருந்துச்சு. மாடியில பயலுவ பொழுது விழுறதுக்கு முந்தியே கத்துறானுங்க, பிறை பிறைன்னு, மேகம் வெலகியிருக்கும் போல. பள்ளியில மைக்கைத் தட்டிப் பாக்குற சத்தம். இவரு பேரீச்சம்பழத் தட்டையும் தண்ணியையும் எடுத்துட்டு வந்து, நோன்பு இல்லாத மனுஷன், எனக்கு எதுத்தாப்புல தரையில உக்காந்தாரு. பாங்கு சொன்னாங்க. பழத்தைக் கையில எடுத்தேன். முடிச்சுட்டேன் ரப்பே, ஒன்பதும் முடிஞ்சுதுன்னு மனசுக்குள்ள சொல்லி வாயில வச்சேன். தண்ணி குடிச்சேன், நெஞ்சு வரைக்கும் எறங்கினது தெரிஞ்சுது. அப்புறம் யார்கிட்டயும் சொல்லாத விஷயத்தை இவருகிட்ட சொன்னேன்.

"மச்சான், இந்த ரமலான்ல நீங்க இரும வேண்டியதில்ல."

இவரு என்னையே பாத்தாரு. புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சம் இருந்த தண்ணியை ஒரு மடக்கு குடிச்சுட்டு, "கஷாயம் மட்டும் வை, பழகிப் போச்சு"ன்னாரு.